அவுட்ஹால் கயிறு: இழுத்தால் இறுகவில்லை, விட்டால் தளரவில்லை

கேள்வி
சுண்ணாம்பாற்றுப் பயணி, நோணாங்குப்பம்

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு, நான்கு மீட்டர் நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கிச் சுண்ணாம்பாற்றில், முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டாமல், இரண்டு ஆண்டுகளாக ஓட்டிப் பழகிவருகிறேன். ஒற்றைப் பாய்தான், பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர். பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் பூம், 2.6 மீட்டர் நீளமுள்ள அலுமினியக் குழாய். பாயின் பின்முனை அந்தப் பூமின் கடைசியில் ஒரு சிறு கயிற்றால் நிலையாகக் கட்டப்பட்ட நிலையில்தான் படகு என் கைக்கு வந்தது.

நம் கரையில் காலையில் ஆறு கண்ணாடிபோல் கிடக்கும். நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நிலைமை மாறிவிடும். காலைக்காகத் தளர்வாகக் கட்டிய பாய், பிற்பகலில் பை போல உப்பிப் படகைச் சாய்க்கிறது. கட்டை மாற்ற வேண்டுமென்றால் கரை ஒதுங்கிப் பாயை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே, உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுக்கவும் விடவும் கூடிய அவுட்ஹால் ஒன்றை, அதாவது பாயின் பின்முனையைப் பூமின் கடைசி நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, அமைக்க முயன்றேன். இரும்புக்கடையில் மூன்று எவர்சில்வர் வளையங்களை வாங்கி, அவற்றின் வழியே 6 மி.மீ. நைலான் கயிற்றைக் கோத்து, கணக்குப்படி மூன்று மடங்கு விசை கிடைக்குமாறு பூமின் அடியில் கட்டி, கயிற்றின் நுனியைப் பூமிலேயே, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளீட்டில் பூட்டினேன்.

பலன் இதுதான்: காற்று வலுத்தால் என்னால் இழுக்க முடியவில்லை, காற்று தணிந்த பின் கிளீட்டிலிருந்து கயிற்றை விடுவித்தாலும் பாய் தளர்வதில்லை, எழுந்து சென்று பின்முனையைக் கையால் தள்ள வேண்டியிருக்கிறது. ஆறு மடங்கு, எட்டு மடங்கு என்று வளையங்களைக் கூட்டுவதுதான் வழியா? கிளீட்டை எங்கே வைப்பது? எந்தக் கயிறு ஏற்றது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் 1
முதுநகர் ஆசிரியர், கடலூர்

ஐயா, நான் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன். கப்பிப் பாடத்தில் ஆண்டுதோறும் "உராய்வைப் புறக்கணிக்க" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நிம்மதியாகக் கணக்குப் போடுகிறோம். உங்கள் படகில் நடந்திருப்பது அந்த ஒரு வரிக்கான தண்டனை.

ஒரு கயிறு அசையாத வளையத்தைச் சுற்றி, வந்த திசைக்கே முழுதாகத் (180 பாகை) திரும்பும்போது, வளையம் வழுவழுப்பாக இருந்தாலும், அதன் இழுவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேயே தேய்ந்துவிடும் என்று கொள்ளலாம். கணக்கின் வசதிக்காகப் பத்தில் ஏழு பங்கு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு கிலோ விசையோடு இழுத்தால் முதல் வளையத்துக்குப் பின் 0.7, இரண்டாவதற்குப் பின் 0.49, மூன்றாவதற்குப் பின் 0.34 என்று கயிற்றின் மூன்று இழைகளிலும் விசை குறைந்துகொண்டே போகும். மூன்றையும் கூட்டினால் 1.5 மட்டுமே வரும். மூன்று மடங்கு என்று நீங்கள் நம்பியது உண்மையில் ஒன்றரை மடங்கு. ஈரமான, விறைப்பான நைலானில் அதுவும் வராது.

இதைவிட முக்கியமானது, கயிற்றை விடும்போது நடப்பது. அப்போது உராய்வு எதிர்த்திசையில் வேலை செய்வதால் பெருக்கலுக்குப் பதில் வகுத்தல் வருகிறது. உங்கள் கைப்பக்கத்தில், கிளீட்டின் உரசலாலும் கயிற்றின் விறைப்பாலும் வெறும் 200 கிராம் தடை இருக்கிறது என்று கொள்ளுங்கள். பாய் தளர வேண்டுமானால் பின்முனை அந்தத் தடையை 1.43, 2.04, 2.92 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 6.4 மடங்காக வெல்ல வேண்டும், அதாவது 1.3 கிலோ. மெல்லிய காற்றில் பாயின் அடிவிளிம்பில் அவ்வளவு இழுவிசை இருக்காது. இழுக்கும்போது ஒன்றரை மடங்கே உதவுகிற அதே அமைப்பு, விடும்போது ஆறு மடங்குக்கு மேல் முரண்டுபிடிக்கிறது. ஆறு வளையம், எட்டு வளையம் என்று நீங்கள் போனால் இழுப்பதில் கிடைக்கும் ஆதாயம் சொற்பமாகவும், விடுவதில் வரும் தொல்லை மலையளவாகவும் இருக்கும்.

உருளும் கப்பியில், குறிப்பாகக் குண்டுகள் வைத்த சிறு கப்பியில், ஒரு திருப்பத்துக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடுதான் இழப்பு. உங்களுடைய அதே மூன்று திருப்ப அமைப்பைக் கப்பிகளால் செய்தால் இழுக்கும்போது 2.4 மடங்கும், விடும்போது 3.7 மடங்கும் வரும். ஆகவே மடங்கைக் கூட்டுவதற்கு முன் உராய்வைக் குறையுங்கள். ஒரு தூண்டில் தராசைப் பாயின் பின்முனையில் மாட்டி, ஓரளவு நல்ல காற்றில் எத்தனை கிலோ வருகிறது என்று அளந்து சொன்னால், எத்தனை மடங்கு போதும் என்பதை ஊகமின்றிச் சொல்லிவிடலாம்.


பதில் 2
நீலப்பாய், லாஸ்பேட்டை

ஐயா, கல்லூரி நாட்களில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் எண்டர்பிரைஸ் வகைப் படகு ஓட்டியவள் நான். 1956இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த, நீல நிறப் பாய்களால் தொலைவிலேயே அடையாளம் தெரிகிற நான்கு மீட்டர் படகு அது. ஆசிரியர் சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கப்பியை மாற்றுவதற்கு முன் பாயின் பின்முனை பூமோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அவுட்ஹால் பின்னோக்கி இழுக்கிறது. காற்றோ பின்முனையை மேல்நோக்கித் தூக்குகிறது. பூமைச் சுற்றி நெருக்கமாக ஒரு பட்டையோ கயிறோ இல்லாவிட்டால், நீங்கள் இழுக்கும் விசையில் ஒரு பகுதி பின்முனையைக் கீழே இறக்குவதிலேயே கழிந்துவிடும். அந்தக் கட்டு நைலான் கயிறாக இருந்தால் அது பூமைக் கவ்விக்கொள்ளும். பாதித் தொல்லை அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். வழுவழுப்பான அகலப் பட்டையையோ, அதிகம் நீளாத செயற்கை இழையான டைனீமாவில் மெல்லிய கயிற்றின் மூன்று நான்கு சுற்றுகளையோ பயன்படுத்திப் பாருங்கள்.

அமைப்பைப் பொறுத்தவரை, ஒரே இடத்தில் எல்லா மடங்கையும் குவிக்காமல், ஒன்றை இன்னொன்று இழுக்கும் இரண்டு படிகளாகப் பிரிப்பது நல்லது. முதற்படிக்கு 3 மி.மீ. டைனீமா. அதன் ஒரு நுனியைப் பூமின் கடைசியில் கட்டி, பாயின் பின்முனையில் உள்ள சிறு கப்பி வழியாகத் திருப்பி, மீண்டும் பூமின் கடைசியில் உள்ள கப்பியைச் சுற்றிப் பூமின் அடியிலேயே முன்னோக்கிக் கொண்டுவாருங்கள். அந்த முன்நுனியில் ஒரு கப்பியைக் கட்டுங்கள். இரண்டாம் படிக்கு 5 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு. பூம் பாய்மரத்தோடு இணையும் கீலுக்கு அருகில் அதன் ஒரு நுனி நிலைத்திருக்க, அந்த நகரும் கப்பியைச் சுற்றித் திரும்பி, கீலருகே உள்ள இன்னொரு கப்பி வழியாக மேல்தளத்துக்கு இறங்கும். இரண்டும் சேர்ந்து நான்கு மடங்கு. மெல்லியதானாலும் டைனீமா குறைவாகவே நீளும். தடித்த கயிறு கைக்கு இதமாக இருக்கும்.

நான்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பின்முனை 15 செ.மீ. நகர வேண்டுமானால் நான்கு மடங்கில் நீங்கள் 60 செ.மீ. கயிற்றை இழுக்க வேண்டும். ஆறு மடங்கில் 90 செ.மீ. ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாயை அடக்கும் கயிறான மெயின்ஷீட் என்று இருக்கும்போது 90 செ.மீ. இழுப்பதற்குள் படகு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கிளீட் பூமில் இருப்பது எளிமை; ஆனால் காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது பூம் நீருக்கு மேலே வெளியே போய்விடும், அவுட்ஹாலைத் தளர்த்த வேண்டிய அந்த வேளையில் கிளீட் கைக்கு எட்டாது. ஆகவே கயிற்றை மேல்தளத்துக்கு இறக்கி, சென்டர்போர்டு (படகின் நடுவே நீருக்குள் இறங்கும் பலகை) பெட்டியின் மேல் கிளீட் வையுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. பூமிலிருந்து கயிறு இறங்கும் இடம் கீலிலிருந்து 60 செ.மீ. பின்னாலும், மேல்தளத்தில் அது திரும்பும் கப்பி பாய்மரத்தின் அடியிலிருந்து 30 செ.மீ. பின்னாலும் இருந்தால், பூம் வெளியே திறக்கும்போது அந்த இடைவெளி ஏறத்தாழ 19 செ.மீ. கூடிவிடும், யாரும் தொடாமலேயே பாய் 5 செ.மீ. இறுகிவிடும். இரண்டு இடங்களையும் பாய்மரத்தை ஒட்டி 10 செ.மீ.க்குள் வைத்தால் மாற்றம் ஒன்றரை செ.மீ.க்குள் நின்றுவிடும்.

தளர்வுக்கு உதவ, பின்முனையிலிருந்து கீல் வரை பூம் நெடுகிலும் ஒரு மீள்கயிற்றை இலேசான இழுப்போடு கட்டுங்கள். மீள்கயிறு நீளமாக இருந்தால்தான் அதன் இழுப்பு தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருக்கும். ஒரு சாண் துண்டைக் கட்டினால் ஒன்று சுண்டி இழுக்கும், இல்லையேல் தொங்கும்.


சுண்ணாம்பாற்றுப் பயணி

இருவருக்கும் மிக்க நன்றி. மீன் எடைபோடும் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி, நேற்றுப் பிற்பகல் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராக நிறுத்தியும், பிறகு சற்றுத் திருப்பிப் பாய் நிரம்பிய நிலையிலும் அளந்தேன். பாய் நிரம்பியபோது 12 கிலோவைச் சுற்றி முள் ஆடியது. அம்மா சொன்னபடி பின்முனைக் கட்டை அவிழ்த்துப் பார்த்ததில், நைலான் கயிறு பூமின் மேல் ஒரு பள்ளமே தேய்த்திருக்கிறது. ஆசிரியர் ஐயா, அந்த இரண்டு படி அமைப்புக்கு உங்கள் கணக்கு என்ன சொல்கிறது? பூமில் திருகாணிக்காகத் துளையிடத் தயங்குகிறேன். முந்தைய உரிமையாளர் போட்ட திருகுகளைச் சுற்றிலும் வெண்பொடி பூத்து, ஒன்று கையோடு வந்துவிட்டது.


பதில் 3
முதுநகர் ஆசிரியர், கடலூர்

மேல்தளத் திருப்பங்களைச் சேர்க்காமல், கப்பிக்குப் பத்து விழுக்காடு இழப்பு என்று கொண்டால், அந்த நான்கு மடங்கு அமைப்பு இழுக்கும்போது 2.9 மடங்கும், விடும்போது 5.5 மடங்கும் தரும். உங்கள் 12 கிலோவுக்குக் கையில் 4 கிலோவை ஒட்டி வரும். மேல்தளத்தில் இரண்டு கப்பிகள் கூடினால் 5 கிலோ எனலாம். மேல்தளக் கப்பிகளை விட்டுவிட்டுப் பழைய மூன்று வளையங்களோடு ஒப்பிட்டால் இழுப்பதில் ஏறத்தாழ இரு மடங்கு ஆதாயம், விடுவதிலும் முன்பைவிடச் சுலபம். கப்பிகளில் செலவை மிச்சம் பிடிக்க வேண்டுமானால், நல்ல கப்பிகளைப் பாய்க்கு அருகில் உள்ள முதற்படியில் வைத்து, மேல்தளத்தில் வளையம் போடலாம் என்று பலர் நினைப்பார்கள். எங்கே வைத்தாலும் இழப்பு பெருக்கலாகத்தான் சேரும் என்பதால், கயிறு முழுதாகத் திரும்பும் இடங்களுக்கே முன்னுரிமை கொடுங்கள்; கால்வாசி (90 பாகை) திரும்பும் இடத்தில் வளையத்தின் இழப்பு ஏறத்தாழ பாதிதான்.

பூமில் துளையிடுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.


பதில் 4
தேவனாம்பட்டினத்தான், கடலூர்

ஐயா, அந்த வெண்பொடி அலுமினியம் அரிக்கப்பட்டதன் அடையாளம். எவர்சில்வர் திருகும் அலுமினியக் குழாயும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் போல வேலை செய்து, அலுமினியம்தான் கரையும். திருகு போட்டே ஆக வேண்டுமென்றால் இடையில் பிளாஸ்டிக் வாஷரும், துத்தநாகக் குரோமேட் பசையும் வையுங்கள். ரிவெட் என்றால் மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட் தேடுங்கள். என்னைக் கேட்டால் துளையே வேண்டாம், கட்டுங்கள் என்பேன். எங்கள் தாத்தா காலத்துக் கட்டுமரத்தில் ஆணி ஏது? பெயரிலேயே கட்டு இருக்கிறது. அந்தக் கயிற்றுக் கட்டை நம்பித்தான் அலையைத் தாண்டிப் போனார்கள். பூமைச் சுற்றி ஒரு சாண் நீளச் சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றி, அதன் மேல் 3 மி.மீ. டைனீமாவை ஆறு ஏழு சுற்று இறுக்கமாகக் கட்டி, அதில் கப்பியைத் தொங்கவிடுங்கள். ரப்பர் இருப்பதால் கட்டு வழுக்காது. இடம் சரியில்லை என்று தோன்றினால் அவிழ்த்து நான்கு விரல் தள்ளிக் கட்டலாம். துளையை அப்படித் தள்ளி வைக்க முடியுமா? பூமின் கடைசியில் உள்ள கப்பியை மட்டும் மூடிப்பகுதியின் விளிம்பு தடுத்து நிற்குமாறு கட்டிவிடுங்கள்.

கயிற்றைப் பற்றி. வலைக்கடையில் கிடைக்கும் நைலான் நங்கூரத்துக்கு உத்தமம். அதன் நீட்சி அங்கே படகைக் காப்பாற்றும், இங்கே காற்று அடிக்கும்போதெல்லாம் பாயை உப்பவிடும். பச்சை, நீல நிற பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கயிறு விலை குறைவு, நீரில் மிதக்கும். ஆனால் நம் வெயிலில் சிலும்பு கிளம்பிக் கையைக் கிழிக்கும், கப்பியில் வளைந்தும் கொடுக்காது. இரண்டையும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள். டைனீமா நல்லது, ஆனால் விலாங்கு போல வழுக்கும். சாதாரண முடிச்சு மெல்ல மெல்ல நழுவிவிடும். நுனியைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே செருகி, கண் போன்ற வளையம் வைப்பதுதான் முறை. செருகும் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு என்பார்கள், 3 மி.மீ. கயிற்றுக்கு 22 செ.மீ. வரும். செருகிய பிறகு தைத்துவிடுங்கள். அது கைவராத வரை பௌலைன் என்ற கண்ணி முடிச்சுப் போட்டு, வாலை ஒரு சாண் நீளமாக விட்டு, அந்த வாலையும் ஒரு கட்டுக் கட்டிவையுங்கள்.

நீலப்பாய் அம்மா சொன்ன மீள்கயிற்றில் மட்டும் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. வெயிலில் கிடந்தால் உள்ளே உள்ள ரப்பர் ஓராண்டுக்குள் உயிரை விட்டுவிடும். வெளியே உறை நன்றாகத் தெரிவதால் ஏமாந்துபோவோம். முதலில் அது இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், பாய் தானாகத் தளரவில்லை என்றால் பிறகு கட்டுங்கள். மீள்கயிற்றை வைத்து உராய்வை மறைப்பது, ஓட்டைப் படகில் பெரிய வாளி வைத்துக்கொள்வது போன்றது.

பாயின் கீழ்முனைக் கயிற்றை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாமான் என்பார்கள். அவர்களுடைய பருத்திப் பாயில் காற்று கசிந்தால், கையால் தண்ணீரை வாரி இறைத்து நூலை ஊதவைத்து இழையை நெருக்குவார்கள். கப்பியே இல்லாத அவுட்ஹால் அது என்று இப்போது தோன்றுகிறது.


பதில் 5
நீலப்பாய், லாஸ்பேட்டை

மீள்கயிறு வெயிலில் சாகும் என்பது உண்மைதான். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைச் செலவாக நான் கருதுவதில்லை. நான்கு நாட்டுக்கும் (மணிக்கு நான்கு கடல்மைல்) குறைவான காற்றில், உராய்வே இல்லாவிட்டாலும் பாய்க்குத் தன் பின்முனையை முன்னே இழுக்கும் வலிமை இருக்காது என்பதால், அது இல்லாமல் காலை வேளையில் சரிவராது என்றே நினைக்கிறேன்.

எவ்வளவு தளர்த்துவது என்று கேள்வி எழும் முன்பே சொல்லிவிடுகிறேன். பூமின் நடுவிலிருந்து பாயின் அடிவிளிம்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். காற்றை எதிர்த்து ஏறும்போது, பலத்த காற்றென்றால் நான்கு விரலுக்கும் குறைவு. நடுத்தரக் காற்றில் அதைவிடச் சற்றுக் கூடுதல். காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது ஒரு சாண் வரை விடலாம். புதியவர்கள் தவறுவது மிக மெல்லிய காற்றில்தான். காற்று குறைவு, ஆகவே பாய் ஆழமாக இருக்கட்டும் என்று முழுவதும் தளர்த்துவார்கள். வலுவில்லாத காற்று அவ்வளவு வளைவைத் தழுவிப் போக முடியாமல் பாயிலிருந்து பிரிந்துவிடும். அப்போது நடுத்தரக் காற்றுக்கு வைப்பதைவிடச் சிறிது தட்டையாகவே வையுங்கள். பூமின் பக்கவாட்டில் அழியாத மையால் மூன்று கோடுகள் போட்டுக்கொண்டால், நேற்றைய நல்ல அமைப்பை இன்று தேட வேண்டியிருக்காது.


சுண்ணாம்பாற்றுப் பயணி

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். கப்பிகளும் டைனீமாவும் அஞ்சலில் வந்து சேரவே பத்து நாட்கள் ஆயின. துளை எதுவும் இடாமல், சைக்கிள் டியூபின் மேல் கட்டி முடித்தேன். முதல் நாள் பூமின் நடுக்கட்டு இரண்டு விரல் நழுவியது, சுற்றுகளைக் கூட்டிய பின் அசையவில்லை. மேல்தளத்தில் இழுக்கும் இடத்தில் தராசை மாட்டிப் பார்த்தபோது, 12 கிலோவுக்கு நிகரான காற்றில் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. ஆசிரியரின் கணக்கு பொய்க்கவில்லை. பிற்பகல் காற்றில் விட்டவுடன் பாய் ஓடித் தளர்கிறது. காலையில், அம்மா எச்சரித்தபடியே, கடைசி நான்கு விரல் நகர மறுத்தது, 4 மி.மீ. மீள்கயிறு கட்டிய பிறகு அதுவும் தீர்ந்தது. தேவனாம்பட்டினத்து நண்பர் மன்னிப்பாராக.

ஒரே ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. படகு சாயும்போது விளிம்பில் உட்கார்ந்து பின்னுக்குச் சாய்ந்தபடி கயிற்றை இழுத்தால், கேம் கிளீட் அதைக் கவ்வுவதில்லை. குனிந்து கீழ்நோக்கி அழுத்தினால்தான் பற்கள் பிடிக்கின்றன. எழுந்து குனியும் நேரத்தில் இழுத்ததில் பாதி திரும்பப் போய்விடுகிறது.


பதில் 6
தேவனாம்பட்டினத்தான், கடலூர்

மன்னிக்க ஒன்றுமில்லை ஐயா, அடுத்த ஆண்டு அந்த மீள்கயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம். கிளீட்டை நீங்கள் தட்டையான பரப்பில் வைத்திருப்பீர்கள். விளிம்பில் உட்கார்ந்திருப்பவரின் கை கிளீட்டைவிட உயரத்தில் இருப்பதால், கயிறு பற்களை விட்டு மேலே எழும்புகிறது. கிளீட்டின் அடியில் சரிவாகச் சீவிய ஒரு கட்டையை, உங்கள் கையை நோக்கிக் கிளீட் அண்ணாந்து பார்க்குமாறு வையுங்கள். கயிறு தானாகப் பற்களுக்கு நடுவே விழும். தேக்குத் துண்டு இருந்தால் நல்லது, இல்லையென்றால் பழைய நைலான் வெட்டுப்பலகையிலிருந்து ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். கயிறு கிளீட்டுக்குள் நுழையும் பக்கத்தில் ஒரு வளையம் இருந்தால், விடுவித்த கயிறு பக்கவாட்டில் நழுவிப் போகாது. அது கால்வாசிகூடத் திரும்பாத இடம் என்பதால், ஆசிரியரும் அங்கே வளையத்துக்கு அனுமதி தருவார். சரிவுக்கட்டையை வைப்பதற்கு முன், வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கை எந்த உயரத்தில் வருகிறது என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள்.